விசாரித்த பிறகுதான் கையெழுத்து

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சரக்கு இறக்கும் கடைகளில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். எந்த இடத்தில் எந்த 'ர' வரும் என்று இன்றைக்கும் குழப்பம். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லலாம் என்றால் எனக்கு அது வராது. நாலு பேர் நிற்கும் இடத்தில் டீ வேண்டும் என்று கேட்பதற்கே கடைக்காரர் என் பக்கம் திரும்பும்வரை நின்றுகொண்டிருப்பேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

திண்டிவனம் ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்த சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றியது இது. பெயரை எழுதவில்லை. தனக்குத் தெரியாத தாளில் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது. எல்லாரும் ஸ்டாண்டக்கா என்று கூப்பிடுவார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர்தான். ஆனாலும் அக்கா என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. போய் நின்று லேசாக இருமுவேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

அவர் என்னை ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஏ ஒலக்கூரு, வண்டிய இட்டுக்கினு போறியா, உட்டுட்டுப் போறியா?" என்று 1993-இல் முதன்முதலாகக் கேட்டார். நான் ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த புதிது. வாடகை சைக்கிளை நிறுத்த வந்திருந்தேன். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு பெயரைக் கேட்கவில்லை.

ஸ்டாண்டை அவருடைய அப்பா குத்தகைக்கு எடுத்திருந்தார். அப்பா இறந்த பிறகு குத்தகை வேறு ஆளுக்குப் போயிற்று. இவர் மட்டும் கூலிக்கு அங்கேயே நின்றுவிட்டார். கல்யாணம் ஆகவில்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் அப்பா கட்டிய ஓட்டு வீடு, ஒரே அறை, அவர் பேரில் இருந்தது. வண்டியின் சீட்டில் சாக்பீஸால் நம்பர் போட்டுப் போட்டு அவர் விரல் நுனியெல்லாம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தின்பார். தோலைக் கீழே போட மாட்டார். ஒரு மஞ்சள் பையில் சேர்த்துக்கொள்வார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் வண்டியை விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவர்களிடம் அவர் ஒன்றும் கேட்க மாட்டார். சாயங்காலம் திரும்பி வந்து டோக்கனை நீட்டுகிறவர்களிடம்தான் கேட்பார். புது டாக்டரிடம் போனவரிடம் டாக்டர் எப்படி என்பார். புதுக் கம்பெனியில் சேர்ந்தவரிடம் சம்பளம் சொன்னபடி வந்ததா என்பார். போகிறவன் பேச்சை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. போகும்போது எல்லாருமே நம்பிக்கையாகத்தான் போகிறார்கள் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அவர் தன் சொந்தக் காரியத்தையும் அப்படித்தான் பார்ப்பார். ஒரு டாக்டரிடம் போவதென்றால் அவரிடம் வைத்தியம் பார்த்து முடித்தவரைத் தேடிப் பிடிப்பார். சீட்டுக் கட்டுவதென்றால் சீட்டை எடுத்து முடித்தவரைத் தேடுவார். "வெளிய வந்த ஆளு ஒருத்தரக் காட்டு" என்பார். காட்டாவிட்டால் தொட மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனி திறந்தார்கள். போட்ட பணத்துக்கு வட்டியை அள்ளிக் கொடுப்பதாகப் பேச்சு. ஸ்டாண்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டினார்கள். ஏஜென்டு ஒருவர் தினமும் ஸ்டாண்டுக்கே வந்து பேசுவார். நல்ல மனிதர், வெள்ளைச் சட்டை. இவர் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கட்டினவர்களைத்தான் காட்டுகிறீர்கள், தவணை முடிந்து முழுப்பணத்தையும் கையில் வாங்கினவர் ஒருவரைக் காட்டுங்கள், நாளைக்கே கட்டுகிறேன் என்றார். ஏஜென்டு அடுத்த வாரம் கூட்டி வருகிறேன் என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஒரு வருடத்துக்குள் கம்பெனி பூட்டிக்கொண்டது.

ஊர் அவரைக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. பணம் போனவர்கள் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவ வாய வச்சா எதுவும் வெளங்காது என்று ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். அவர் அந்த ஆளின் வண்டிக்கு நம்பர் போட்டு டோக்கனைக் கொடுத்தார். அதற்கப்புறம் வண்டி விடுகிறவர்கள் டோக்கனை வாங்கிக்கொண்டு போவார்கள், டோக்கனைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுப்பார்கள். நின்று பேசுவது குறைந்துபோயிற்று.

அவர் விசாரித்தது எப்போதும் சரியாகவே இருந்தது என்றும் சொல்ல முடியாது. மயிலம் சாலையில் ஒரு மனை மலிவாக வந்தது. அதை விற்க வந்தவர், அவருக்கு விற்றவர், பக்கத்து மனைக்காரர் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து முடிப்பதற்குள் வேறொருவர் வாங்கிவிட்டார். இன்றைக்கு அந்த இடத்தில் மாடி வீடு நிற்கிறது.

கல்யாணமும் அப்படித்தான் போயிற்று. இதை அவரே ஒருநாள் சொன்னார், மல்லாட்டையை உரித்துக்கொண்டே. அனந்தபுரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை. முதல் மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டார். எல்லாம் பேசி முடித்த பிறகு, இவர் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் இறந்துபோன பெண்ணின் அம்மாவைப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. கஞ்சன், வாயைத் திறந்து பேச மாட்டான் என்றார்களாம். இவர் வந்து வேண்டாம் என்றுவிட்டார். இவருடைய அப்பா சாகும்வரை இவரோடு சரியாகப் பேசவில்லை.

"அப்புறம் அந்த ஆளு?" என்று கேட்டேன்.

"நம்ம ஸ்டாண்டுலதான் வண்டி வுடறாரு. திங்கக்கெழம திங்கக்கெழம. பொண்டாட்டியும் ரெண்டு புள்ளைங்களும் வந்து வழியனுப்பும். அது சிரிச்சிக்கினே நிக்கும்." ஒரு கொட்டையை வாயில் போட்டுக்கொண்டார். "பொண்ண பறிகுடுத்த அம்மாகிட்டப் போயி மருமவன் எப்படின்னு கேட்டா நல்லதாவா சொல்லுவாங்க? அது எனுக்கு அப்பத் தோணல."

அதற்குப் பிறகும் அவர் விசாரிப்பதை நிறுத்தவில்லை. அது அவருக்கு மூச்சு விடுவதைப் போல.

என் கதைக்கு வருகிறேன். நான் மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவரிடம் பல வருடமாகக் குட்டியானை ஓட்டிக்கொண்டிருந்தேன். குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி. காலையில் ஸ்டாண்டை ஒட்டி நிறுத்திவிட்டு லோடுக்குக் காத்திருப்பேன். 2012-இல் மண்டிக்காரர் அந்த வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். நீயே எடுத்துக்கொள்வதாக இருந்தால் உனக்குத்தான் முதலில் என்றார். எனக்கு நாற்பது வயது ஆகியிருந்தது. வாடகை அறை, மெஸ் சாப்பாடு. வண்டி வேறு ஆளுக்குப் போனால் என் வேலையும் அதோடு போகும். அந்த வயதில் இன்னொரு முதலாளியின் வாசலில் போய் நின்று வேலை கேட்க என்னால் முடியாது. அந்த வண்டியை நான் வாங்கியே ஆக வேண்டும்.

முன்பணம் சேர்த்து வைத்திருந்தேன். மீதிக்குக் கடன் கேட்டுப் போனால், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஸ்கோர் ரொம்பக் கம்மியாக இருக்கிறது, தர முடியாது என்றார்கள். ஸ்கோர் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று பார்த்துப் போடும் மார்க்காம். நான் கடனே வாங்கியதில்லை. என் தம்பி மோட்டார் சைக்கிள் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவன் தவணை கட்டவில்லை. அது என் பேரிலும் ஏறிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த வாரமே என் வண்டிக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். எவ்வளவு மோசமான ஸ்கோராக இருந்தாலும் முப்பது நாளில் சரிசெய்து தரப்படும், கடன் கிடைக்கும், கேரண்டி. விழுப்புரம் விலாசம் போட்டிருந்தது. எனக்காகவே அச்சடித்தது போல இருந்தது.

போனேன். மாடியில் குளிர்சாதனம் போட்ட அறை. டை கட்டிய ஒரு பையன் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினான். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான். சார், நீங்க டென்ஷனே ஆவாதீங்க, பழசெல்லாம் அழிச்சிடுவோம் என்றான். அதற்கு முன்னால் என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. என் ஊர், என் வேலை, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறேன் என்பதுவரை கேட்டான். பாதிக் கட்டணம் இப்போது, மீதி வேலை முடிந்ததும். ஒன்றும் எழுதாத முத்திரைத்தாள் இரண்டில் கையெழுத்து வேண்டும். இன்னொன்றும் சொன்னான். தம்பிக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் பக்கம் நீங்களாகப் போகக் கூடாது, போனால் கேஸ் கெட்டுவிடும். அன்றைக்கே போட்டிருப்பேன். குடும்ப அட்டை நகல் கொண்டு போகவில்லை. திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தபோது அவர் ஸ்டாண்டு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா ஒலக்கூரு, போறப்பவும் சிரிச்சிக்கினு போன, வர்றப்பவும் சிரிச்சிக்கினே வர்ற. எங்க போயிட்டு வந்த?"

சொன்னேன். நோட்டீஸைக் காட்டினேன். வாங்கி, தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"வேல முடிஞ்சி வெளிய வந்த ஆளு ஒருத்தரக் காட்டுனாங்களா?"

"இல்லீங்க."

"கேட்டியா?"

"இல்லீங்க."

"ஏன் கேக்கல?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "சார்னு கூப்புட்டாங்க" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "திங்கக்கெழம நானும் வர்றேன்" என்றார்.

அன்றைக்கு ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ள வேறொருவரை வைத்துவிட்டு, நீலக்கரைச் சேலை கட்டிக்கொண்டு குடையோடு வந்தார். பாசஞ்சர் ரயிலில் ஜன்னலோரம் அவர், எதிரில் நான். துணைக்கு ஒருவரோடு ரயிலில் போவது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிரில் இருப்பவருக்கு வெயில் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் நேராக மாடிக்குப் போகவில்லை. எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தக் கட்டடத்துக்கு ஒரே ஒரு படிக்கட்டு. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அங்கிருந்து தெரிந்தார்கள். ஒரு டீயை வாங்கி ஆற ஆறக் குடித்தார். ஏறுகிறவர்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. டீக்கடைக்காரரிடம் மட்டும் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். மாடியில் இருக்கிறவர்கள் இங்கே கணக்கு வைத்து டீ குடிப்பார்களா என்று கேட்டார்.

"காசு குடுத்துத்தான் குடிப்பாங்க. கணக்கு வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன்" என்றார் கடைக்காரர். "போர்டு ரெண்டு மூணு தபா மாறிடிச்சிம்மா. ஆளுங்க அதே ஆளுங்கதான்."

அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

வெயில் ஏறிய பிறகு ஒரு பெண் கையில் பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தார். இவர் எழுந்து போய் வழியிலேயே நிறுத்தினார். நான் பின்னால் நின்றேன். அந்தப் பெண் வானூர்ப் பக்கம், கணவர் கொத்தனார். முதலில் நாங்கள் யாரோ என்று பயந்தார். அப்புறம் சொன்னார். பொங்கலுக்கு முன்னால் பணம் கட்டினாராம். கொஞ்ச நாளில் செல்போனில் ஸ்கோர் ஏறியிருப்பதைக் காட்டினார்களாம். மகிழ்ச்சியாகப் போய் வீட்டுக் கடன் கேட்டால், அதற்குள் பழையபடி இறங்கிவிட்டது. இப்போது மறுபடியும் கட்டணம் கேட்கிறார்கள். சேருவதாக இருந்தால் சேருங்கள், என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வேகமாக நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். "சேராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கிளம்பலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகக் கூடாது என்று மாடிக்கு ஏறினார். அனந்தபுரத்து நினைப்பு அவருக்கு இருந்திருக்கும்.

அதே பையன் எழுந்து நின்றான். அவரைப் பார்த்துவிட்டு, "சாருக்கு நீங்க இன்னா வேணும்மா?" என்று கேட்டான்.

"கூட வந்திருக்கேன்" என்றார்.

உட்கார்ந்து, சத்தம் போடாமல் கேட்டார். உங்களால் வேலை முடிந்த ஒருவரை நேரில் பார்க்க முடியுமா? இவராகப் போய்ச் செய்ய முடியாத எதை நீங்கள் செய்யப்போகிறீர்கள்? பணத்தை வேலை முடிந்த பிறகு மொத்தமாக வாங்கிக்கொள்வீர்களா? எழுதாத தாளில் எதற்குக் கையெழுத்து? பையன் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். கம்பெனி ரூல்ஸ் என்றான், மேலிடம் என்றான், ரகசியம் என்றான். கடைசிக் கேள்வி வந்ததும் உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கே ரெண்டு மாசமா சம்பளம் வரலம்மா. நான் ஒண்ணும் சொல்லல. நீங்க கெளம்புங்க."

படியிறங்கும்போது அவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. "அந்தப் புள்ள வெளிய வர்றப்போ யாருகிட்ட போயி சொல்லும்?" என்றார்.

ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் என்னிடம் கேட்டார்.

"தம்பி வண்டிக்குத் தவண கட்டலியா?"

"கட்டல."

"நீ ஜாமீன் போட்டது நெசம்தான?"

"நெசம்தான்."

"ஒன்னுது இல்லாத கடன் ஒம்பேருல ஏறியிருந்தா எழுதிக் குடுத்தா எடுத்துருவாங்க. அதுக்குத் துட்டும் வேணாம், ஆளும் வேணாம். இது நெசம். நெசத்த எவன் அழிப்பான்? நேரா அந்த பைனான்சுக்குப் போ. கட்டு. பாக்கி இல்லன்னு கடுதாசி வாங்கு."

தம்பியிடம் கேட்டுப் பயனில்லை. வண்டிக்கு முன்பணமாக வைத்திருந்ததில் பெரும்பகுதியை எடுத்துத் தம்பியின் கடனை அடைத்தேன். பையன் போகவே கூடாது என்று சொன்ன இடத்தில் என்னை உட்காரவைத்து, வட்டியில் கொஞ்சம் தள்ளுபடியும் கொடுத்தார்கள். மண்டிக்காரரிடம் போய் நின்றேன். நான் நின்ற விதத்தைப் பார்த்து அவரே, மல்லாட்டை வரத்து முடியும்வரை பொறுக்கிறேன் என்றார். அதற்குள் திரும்பவும் கொஞ்சம் சேர்த்தேன்.

வங்கியில் அதிகாரி என் கடுதாசியைப் பார்த்தார். இது கம்ப்யூட்டரில் ஏறி ஸ்கோர் உயர நாளாகும் என்றார். அவசரம் என்றால், சொந்த வீடு உள்ளவர் ஒருவர் ஜாமீன் போட்டால் கொடுக்கலாம் என்றார்.

எனக்குத் தெரிந்தவர்களில் சொந்த வீடு இருப்பவர் ஒருவர்தான். எத்தனையோ நாள் ஸ்டாண்டுக்குப் போய் இருமாமலே திரும்பி வந்தேன். ஒருநாள் மத்தியானம், வண்டி வராத நேரத்தில், கேட்டுவிட்டேன்.

அவர் சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஜாமீன் போட்டுப் பேஜாராப் போனவன் நீ. இப்ப என்னையும் அதுல இழுக்கற."

"ஆமாங்க."

"நீ கட்டலன்னா என் வூடு."

"ஆமாங்க."

"ஒன்னப் பத்தி நான் யாருகிட்ட கேக்கறது?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நானும் நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். என்னோடு இருந்துவிட்டு வெளியே வந்த ஆள் என்று யாருமே இல்லை. என்னோடு யாரும் இருந்ததில்லை. தெரியலீங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த சில நாள் ஸ்டாண்டில் அவர் இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வார முடிவில் தம்பி மனைவி போன் செய்தாள்.

"மாமா, ஒரு பொம்பள வந்திருந்தாங்க. ஒங்களப் பத்தி ஒக்காந்து கேட்டாங்க. குடிப்பாரா, கோவம் வருமா, கைமாத்து வாங்குனா திருப்பிக் குடுப்பாரான்னு. பொண்ணு வூட்டுக்காரங்களான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல."

"நீ இன்னா சொன்ன?"

"எனக்கு இன்னா மாமா தெரியும்? பொங்கலுக்கு வருவாரு, துணி குடுப்பாரு, சாப்புட்டுப் போவாருன்னு சொன்னேன்."

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மண்டியில் விசாரித்திருக்கிறார். மெஸ் அம்மாவிடம் விசாரித்திருக்கிறார். வீட்டுக்காரரிடம், வண்டி ரிப்பேர் செய்கிற பட்டறையில், நான் லோடு இறக்கும் அனந்தபுரம் கடைவரைக்கும் போய் விசாரித்திருக்கிறார். மெஸ் அம்மா என்னைப் பார்த்து, இந்த வயசுல இன்னாய்யா விசேஷம் என்று கேட்டுச் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பெண் பார்க்கும் வயதில் என்னைப் பற்றி யாரும் விசாரித்து வந்ததில்லை. அப்பா, அம்மா இல்லாதவனுக்கு யார் பேசுவார்கள்? இப்போது ஒருவர் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு போட்டு, ஊர் ஊராகப் போய் நான் எப்படிப்பட்டவன் என்று கேட்டிருக்கிறார். அந்த வாரம் முழுக்க வண்டியை மெதுவாகவே ஓட்டினேன். ஏனென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் ஸ்டாண்டில் இருந்தார். நான் இருமவில்லை. அவரே கூப்பிட்டார்.

"நல்லவன்னு ஒருத்தரும் சொல்லல" என்றார். "கெட்டவன்னும் சொல்லல. வருவான், வேலையச் செய்வான், போவான்றாங்க. ஒனக்கு இன்னா புடிக்கும்னு ஒன் தம்பிக்கே தெரியல. இத்தினி எடத்துல கேட்டேன். ஒருத்தருக்கும் ஒன்னத் தெரியல ஒலக்கூரு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ரயில் ஒன்று வந்து, ஆட்கள் வந்து, டோக்கன் கொடுத்து வண்டிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் நின்று பேசவில்லை. எல்லாரும் போன பிறகு சொன்னார்.

"என்னப் பத்திக் கேட்டாலும் இப்டித்தான் சொல்லுவாங்க."

பிறகு, "பேங்குக்கு எப்பப் போவணும்?" என்று கேட்டார்.

வங்கியில் ஒவ்வொரு தாளையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்குகிறவருக்கு நீங்கள் என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவர் தாளைப் பார்த்தார். தெரிந்தவர் என்று அதிகாரி தானாகவே எழுதிக்கொண்டார்.

வண்டி என் பேருக்கு வந்தது. ஐந்து வருடத் தவணை. மாதா மாதம் ஐந்தாம் தேதி கெடு. ஒரு மாதம்கூட நான் ஐந்தாம் தேதிவரை வைத்துக்கொண்டதில்லை. கட்டிவிட்டு வந்து, கட்டிட்டேன் என்பேன். ம் என்பார். அவ்வளவுதான் பேச்சு.

இரண்டு வருடம் கழித்துக் குத்தகை மாறியது. புது ஆட்கள் கேமராவும் ரசீது மிஷினும் வைத்தார்கள். அவரை நிற்கச் சொன்னார்கள், ஆனால் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். முழங்கால் வலி வேறு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வானூர்ப் பக்கம் அக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது செல்போன் நம்பரைக் கொடுத்தார். "கட்டுனதும் ஒரு மிஸ்டு கால் குடு. துட்ட வீணாக்காத" என்றார்.

அப்படியே செய்தேன். வங்கி வாசலில் நின்று ஒரு மணி அடிக்கவிட்டு நிறுத்துவேன். சற்று நேரத்தில் அவரிடமிருந்து ஒரு மணி அடித்து நிற்கும். எனக்கு அதில் ம் என்று கேட்கும். மூன்று வருடம் நாங்கள் பேசிக்கொண்டது இதுதான். வானூருக்கு லோடு போயிருக்கிறேன். அந்த வீட்டுத் தெருமுனைவரை ஒருமுறை போயும் இருக்கிறேன். என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது?

இன்றைக்குக் கடைசித் தவணை. காலையிலேயே வங்கிக்குப் போய்விட்டேன். உள்ளே போகாமல் படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அவருக்கும் சேர்த்து இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு கையெழுத்துதான். இதைக் கட்டிவிட்டால் அவர் விடுபட்டுவிடுவார். அடுத்த மாதம் மணி அடிக்க எனக்கு ஒரு காரணமும் இருக்காது. இந்த ஒரு தவணையைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்தால் என்ன என்று தோன்றியது. தள்ளி வைத்தால் அது அவர் பேரில் ஏறும். அவருடைய பேரில் இதுவரை ஒரு கீறல் இல்லை.

எழுந்து போய்க் கட்டினேன். பாக்கி இல்லை என்ற கடுதாசியும் கொடுத்தார்கள். வாசலுக்கு வந்து மணி அடிக்கவிட்டு நிறுத்தினேன். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மணி அடித்தது. வழக்கம்போல நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டிய போன் அது என்று எனக்குப் புரிவதற்குள் ஓய்ந்துவிட்டது.

திரும்பக் கூப்பிடவில்லை. எடுத்தவுடன் என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடலாம் என்று அறைக்கு வந்தேன். எழுத எழுத இவ்வளவு ஆகிவிட்டது. அவரிடம் சொல்ல வேண்டியது மட்டும் இன்னும் வரவில்லை.

திண்டிவனம்,
2017 செப்டம்பர் 4, திங்கட்கிழமை.